மண்ணெண்ணெயின் அழுக்கு எங்கே போனது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் போரையும் இடப்பெயர்வையும் அரசியலையும் விரிவாக எழுதுகிறார்கள். எண்ணெயின் கதை அவற்றினிடையே ஓரிரு வரிகளில் கடந்து போய்விடுகிறது. 1990 இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக நாங்கள் அலைந்ததை எல்லோரும் நினைவுகூருகிறார்கள். போர் முடிந்த பின்னர் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும் எல்லோரும் அறிவார்கள். ஆனால் இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு துன்பங்களாகவே பேசப்பட்டு வருகின்றன. ஒரே பீப்பாயின் மேற்பகுதியால் ஒருமுறையும் அடிப்பகுதியால் மறுமுறையும் நாங்கள் வாட்டப்பட்டோம் என்பதே என் எண்ணம். அதை விளக்குவதற்கு, எண்ணெயை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்பதையும், சுத்தம் செய்தபின் அந்த அழுக்கு எங்கே போகிறது என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

தடைக்காலத்தை அறியாத இளைய வாசகர்களுக்காக முதலில் அந்த நாட்களைச் சொல்கிறேன். 1990 யூன் மாதத்தில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சவர்க்காரம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், பங்கீட்டு அட்டைக்கு வந்தது. மிகுதி கிளாலிக் கடனீரேரியைத் தாண்டிக் கான்களில் வந்தது. தடையைப் போட்டது அரசாங்கம். ஆனால் விலையை ஏற்றியதில் உள்ளூர்க் கைகளுக்கும் பங்கிருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

அந்தக் காலத்து விளக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சிறு குழாயில் நூல்திரியைச் செருகி உள்ளே நிறுத்துவார்கள். போத்தலே சிமினியாகிவிடும். அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயில் மிகச் சிறு பங்கே இதற்குப் போதும். அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை க.பொ.த. பரீட்சைக்குப் படித்தது. நான் பணியாற்றிய பத்திரிகையிலும் அச்சுப் பிரதிகளை அத்தகைய விளக்குகளின் முன்னிருந்தே சரிபார்த்தோம். காலையில் முகம் கழுவும்போது மூக்கிலிருந்து கரி வரும். சில நாட்களில் வந்த எண்ணெய் நல்ல வெளிச்சம் தரும். சில நாட்களில் வந்தது புகையும், கண் எரியும், திரியின் நுனியில் கரிக்கட்டி பிடிக்கும். "இந்த முறை எண்ணெய் கூடாது" என்று பெண்கள் சொல்வார்கள். ஏன் கூடாது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கிடைத்ததே போதும் என்றிருந்தது.

பெற்றோல் வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டியதை எங்கள் புத்திக்கூர்மைக்குச் சான்றாகச் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். பெருமையில் நியாயமுண்டு. ஆயினும் அந்தக் கலை தடையோடு பிறந்ததன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் நீர் இறைத்த இயந்திரங்கள் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவையாகவே இருந்தன. தோட்டக்காரர் ஒவ்வொருவரும் அதை அறிவார்கள். பிரித்தானியாவிலும் 1949 முதல் வந்த ஒருவகை பெர்குசன் உழவு இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஓர் எரிபொருளுக்கு மாறின. தோட்டத்து அறிவு 1990 இல் தெருவுக்கு வந்தது, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள். வீதியெங்கும் வெண்புகை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இதைத் தாங்கின. அவற்றின் இயந்திரங்கள் குறைந்த அமுக்கத்தில் இயங்குபவை. புதிய யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் தட்டத் தொடங்கின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. எரிந்த பங்கிலிருந்த கந்தகமோ நீராவியோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரித்தது. இரண்டில் முதலாவதே பெருங்கேடு என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

இனி அந்தக் கந்தகத்துக்கு வருவோம். மசகு எண்ணெய், அதாவது தமிழகத்தார் கச்சா எண்ணெய் என்று சொல்வது, தரையிலிருந்து வரும்போது தூயதாக வருவதில்லை. கந்தகம், நைதரசன், உப்பு, நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும். காய்ச்சி வடிக்கும்போது முதலில் வாயு, பின்னர் பெற்றோலுக்குரிய பகுதி, அடுத்து மண்ணெண்ணெய், அதற்கடுத்து டீசல் எனப் பிரிந்து வரும். கடைசியில் கொதிக்காமல் எஞ்சுவது கறுத்துத் தடித்த அடியெண்ணெய். கந்தகம் எல்லாப் பகுதிகளிலும் இருந்தாலும், கீழே போகப் போக அதன் செறிவு கூடும். உலோகங்களோ ஏறத்தாழ முழுவதும் அடியிலேயே தங்கிவிடும்.

எண்ணெயைச் சுத்தப்படுத்தும் தொழில் மோட்டார் காருக்காகத் தோன்றியதன்று, விளக்குக்காகத் தோன்றியது. ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் யங் 1850 இல் நிலக்கரியிலிருந்து விளக்கெண்ணெய் எடுக்கக் காப்புரிமை பெற்றபோதே அதனைக் கந்தக அமிலத்தாலும் எரிசோடாவாலும் கழுவும் முறை வந்துவிட்டது. 1859 இல் பென்சில்வேனியாவில் கிணறு தோண்டி எடுத்த எண்ணெய் இயற்கையிலேயே கந்தகம் குறைந்தது. அந்தக் கழுவலே அதற்குப் போதுமாயிருந்தது. தொல்லை 1885 இல் ஒகையோ மாநிலத்தின் லீமாவில் எண்ணெய் கண்டபோது வந்தது. அளவிலே பெருவளம், ஆனால் முடை நாற்றம். அமெரிக்கர்கள் அதைத் துர்நாற்றம் வீசும் ஸ்கங்க் என்னும் விலங்கின் பெயரால் அழைத்தார்கள். அதிலிருந்து வடித்த மண்ணெண்ணெய் திரியைக் கரியாக்கிற்று. சிமினியில் படலம் படியச் செய்தது. எரியும்போது கந்தகவீரொட்சைட்டு, எங்கள் பள்ளிப் புத்தகங்கள் கற்பித்த அதே மூச்சுமுட்டும் வாயு, வீட்டுக்குள் பரவியது. யாரும் வாங்கவில்லை.

ரொக்பெல்லரின் ஸ்ராண்டர்ட் ஒயில் நிறுவனம் அந்த எண்ணெயை விற்க வழியறியாமலே வாங்கிக் குவித்தது. ஜேர்மனியிற் பிறந்த ஹேர்மன் ஃபிராஷ் என்ற இரசாயனவியலாளர் செப்பு ஒட்சைட்டைக் கொண்டு கந்தகத்தைப் பிடித்திழுக்கும் வழியைக் கண்டார். கந்தகம் எண்ணெயை விட்டுச் செம்போடு சேரும். செம்பை மீண்டும் வறுத்தெடுத்துப் பயன்படுத்தலாம். 1889 இல் இந்தியானா மாநிலத்தின் வைற்றிங் என்னுமிடத்தில் இந்த எண்ணெய்க்கெனவே பெரிய சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. இந்த ஃபிராஷ்தான் பின்னர் 1894 இல் லூசியானாவில் கொதிநீரைப் பூமிக்குள் செலுத்திக் கந்தகத்தை உருக்கி மேலே கொண்டுவந்தவர். எண்ணெயிலிருந்து கந்தகத்தை அகற்றியவரும் நிலத்திலிருந்து கந்தகத்தை எடுத்தவரும் ஒருவரே. இன்று உலகச் சந்தைக்கு வரும் கந்தகத்திற் பெரும்பங்கு சுரங்கத்திலிருந்து வருவதன்று. எண்ணெய், எரிவாயுச் சுத்திகரிப்பில் மீட்கப்படுவது. அவர் தொடக்கிய ஒரு தொழில் அவரது மற்றத் தொழிலை விழுங்கிவிட்டது.

விளக்கின் புகைக்குக் காரணம் கந்தகம் மட்டுமன்று. சில மசகு எண்ணெய்களிலிருந்து வரும் மண்ணெண்ணெயில் வளைய அமைப்புடைய ஐதரோகாபன்கள் அதிகம். அவை கரியைக் கக்கியே எரியும். ருமேனியரான லாசர் எதெலேயானு 1908 இல் திரவமாக்கிய கந்தகவீரொட்சைட்டையே கொண்டு அவற்றைக் கரைத்தெடுக்கும் முறையைக் கண்டார். மண்ணெண்ணெயைச் சோதிக்க இன்றும் ஒரு சிறு விளக்கை ஏற்றி, புகையாமல் சுடர் எத்தனை மில்லிமீற்றர் உயரும் என்று அளக்கிறார்கள். விமான எரிபொருளுக்கும் அதே விளக்குச் சோதனைதான். 25 மில்லிமீற்றர் உயரம் வேண்டும், அல்லது நப்தலீன் வகைகள் குறைவாக இருந்தால் 18 போதும். எங்கள் ஜாம் போத்தலும் ஒருவகையில் அந்தச் சோதனைக் கருவியே.

விமான எரிபொருள் என்றதும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். விளக்கு மண்ணெண்ணெயும் தாரை விமானங்களின் எரிபொருளும் பீப்பாயின் ஒரே பகுதியிலிருந்து எடுக்கப்படுபவை. விமானத்துக்குரியது கூடுதலாகச் சுத்தமாக்கப்பட்டுக் கூடுதலாகச் சோதிக்கப்பட்டது. அடிப்படையில் வேறுபாடு இல்லை. குப்பி விளக்கை அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்குள் இருந்த இரவுகளில், மேலே சுற்றிய ஹெலிகொப்டர் எரித்ததும் அதே எண்ணெயைத்தான். எங்களுக்கு அது போத்தல் கணக்கில் வந்தது.

இலங்கைக்கு வருவோம். 1892 இல் மியூரெக்ஸ் என்ற கப்பல் ரஷ்ய மண்ணெண்ணெயைத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு சூயெஸ் கால்வாயைக் கடந்த பிறகு ஆசியச் சந்தையின் முகமே மாறியது. அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததே ஷெல் நிறுவனம். பல்லாண்டுகள் வெளிநாட்டு நிறுவனங்களே இலங்கைக்கு எண்ணெய் விற்றன. 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அந்நிறுவனங்களின் சொத்துக்கள் பொறுப்பேற்கப்பட்டன. நட்டஈட்டுத் தகராற்றில் அமெரிக்கா 1963 இல் உதவியை நிறுத்தியது. 1969 இல் சபுகஸ்கந்தவில் இத்தாலிய நிறுவனமொன்று கட்டிய சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 38,000 பீப்பாய்களாக இருந்த அதன் கொள்ளளவு பின்னர் 50,000 ஆக உயர்த்தப்பட்டது. நீண்ட காலமாக அது நம்பியிருந்தது ஈரானிய எண்ணெயை. அதில் கந்தகம் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு; லீமாக்காரர் மூக்கைப் பொத்தியிருப்பார்கள்.

இத்தகைய எண்ணெயிலிருந்து வரும் மண்ணெண்ணெய்க்கு உலகெங்கும் பரவலாகச் செய்யப்படும் சிகிச்சை மெரொக்ஸ். 1958 இல் அறிமுகமான இம்முறையில் எரிசோடாவும் காற்றும் கோபால்ற்று சேர்ந்த ஊக்கியும் கொண்டு, மேர்கப்டன் எனப்படும் நாற்றமுள்ள கந்தகச் சேர்வைகளை நாற்றமற்ற வேறு சேர்வைகளாக மாற்றுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது: மண்ணெண்ணெயில் நாற்றம் போகிறது, கந்தகம் போவதில்லை. வடிவம் மாறி எண்ணெய்க்குள்ளேயே இருக்கிறது. விமான எரிபொருளில் இன்றும் நூற்றுக்கு 0.3 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்படுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாடுபட்டு நீக்கிய இந்த மேர்கப்டனைத்தான் சமையல் எரிவாயுவில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், கசிந்தால் மணக்கட்டும் என்று.

கந்தகத்தை உண்மையாகவே வெளியேற்ற வேண்டுமானால் ஐதரசன் வேண்டும். 300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் உயர்ந்த அமுக்கத்திலும் கோபால்ற்று, மொலிப்டினம் சேர்ந்த ஊக்கியின் மேல் எண்ணெயையும் ஐதரசனையும் ஒன்றாகச் செலுத்தினால், கந்தகம் ஐதரசன் சல்பைட்டாகப் பிரியும். அழுகிய முட்டை மணமுடைய அந்த நச்சு வாயுவை, கிளவுஸ் என்பவர் 1883 இல் கண்ட முறையின் வழிவந்த உலைகளில், மஞ்சள் கந்தகமாக மாற்றுகிறார்கள். ஐரோப்பாவில் 2009 முதல் வாகன டீசலில் பத்து இலட்சத்துக்குப் 10 பங்கு கந்தகமே இருக்கலாம். அந்த அளவுக்குக் கழுவுவதற்குச் செலவு அதிகம். எனவே உலகம் மேலேயுள்ள விலையுயர்ந்த பகுதிகளை வரவரக் கூடுதலாகக் கழுவிற்று. கீழேயுள்ள அடியெண்ணெயை நெடுங்காலம் அப்படியே விட்டுவிட்டது. யாருக்கு விற்றது? கப்பல்களுக்கும் மின்நிலையங்களுக்கும். கப்பல் எண்ணெயில் நூற்றுக்கு 3.5 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்ற விதி 2020 சனவரியில்தான் 0.5 ஆகக் குறைக்கப்பட்டது.

இந்தப் பீப்பாயின் அடிப்பகுதிதான் போருக்குப் பின்னர் சுன்னாகத்துக்கு வந்தது.

தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டுக்கு உள்ளூரிலேயே மின்சாரம் பிறப்பிக்க வேண்டியிருந்தது. போர் முடிந்த காலப்பகுதியில் நொதேர்ண் பவர் என்ற தனியார் நிறுவனம் சுமார் 30 மெகாவாற் மின்நிலையத்தைச் சுன்னாகத்தில் இயக்கத் தொடங்கியது. 2013 இல் மின்சார சபையின் 24 மெகாவாற் 'உதுரு ஜனனி'யும் அதேயிடத்தில் திறக்கப்பட்டது. எரிபொருள், ஃபேர்ணஸ் ஒயில் என்று மக்கள் அழைக்கும் உலை எண்ணெய். இருபது ஆண்டு இருட்டின் பின்னர் வந்த வெளிச்சம் அது; அதை வரவேற்றுச் செய்தி எழுதியவர்களில் நானும் ஒருவன். எழுதாமல் இருந்திருக்க முடியாது.

உலை எண்ணெயை இயந்திரத்துக்குள் நேராக ஊற்ற முடியாது. சூடாக்கி, சுழற்சிப் பிரிகருவிகளில் விட்டு, நீரையும் துகள்களையும் பிசினையும் பிரித்தெடுக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் செய்யாமல் விட்ட வேலையின் ஒரு பங்கு இவ்வாறு மின்நிலையத்தின் முற்றத்தில் நடக்கிறது. பிரித்தெடுத்த சேறும் எண்ணெய் கலந்த கழுவுநீரும் நாள்தோறும் சேரும். அவற்றைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கும் செலவுண்டு.

மண் தடித்த வேறோர் ஊரென்றால் அதன் விளைவு சிறிது காலம் மேலேயே தங்கியிருக்கும். யாழ்ப்பாணத்தின் அடி சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குகையும் நிறைந்த கல். ஆறில்லாத நாடு எங்களுடையது. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடும். மழைநீர் கல்லின் ஊடாக இறங்கித் தேங்குவதையே நாங்கள் கிணறு என்கிறோம். நிலாவரையின் ஆழத்தையும் கீரிமலைக் கேணியில் கடலோரம் நன்னீர் ஊறுவதையும் கண்டு வியப்பவர்கள், மேலே கொட்டியது எதுவும் அதே வழியில் விரைந்து போகும் என்பதை நினைப்பதில்லை. பழைய மின்நிலையக் காலத்து எண்ணெயும் நிலத்தில் ஊறியிருந்தது என்ற வாதமும் பின்னர் எழுந்தது. அது உண்மையாயினும் புதிய குற்றத்தைப் பழையது கழுவிவிடாது.

2014 இன் இறுதியில் விடயம் வெளியே வெடித்தது. கிணற்று நீரில் எண்ணெய் மணம், வாளியில் படலம். 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் தலையீட்டோடு நொதேர்ண் பவர் நிலையத்தின் இயக்கம் நின்றது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தான மாசு இல்லை என்ற வகையில் அறிக்கை தந்தது. தேசிய நீர்வழங்கல் சபையின் பரிசோதனைகளோ கிணறுகளில் எண்ணெய் இருப்பதைக் காட்டின. தமிழர் தேர்ந்தெடுத்த சபை தமிழரின் கிணற்றுக்காக உறுதியாக நிற்கத் தவறியது என்ற மனத்தாங்கல் அப்பகுதியில் இன்றும் உண்டு. அந்த மனத்தாங்கலில் நானும் பங்காளி.

வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் தென்னிலங்கைச் சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர காரியவசம். எங்கள் பக்கத்துச் சட்டத்தரணிகள் பட்டாளத்தை எண்ணிப் பார்க்கையில் இது சற்று உறுத்தவே செய்கிறது. 2019 ஏப்பிரலில் வெளிவந்த தீர்ப்பை நீதியரசர் பிரசன்ன ஜயவர்த்தன எழுதினார். நிறுவனத்தின் செயற்பாடு சுன்னாகப் பகுதி நிலத்தடி நீரை மாசாக்கியது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்கள் கடமை தவறின. மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கையின் சுற்றாடல் சட்டத்தில் அது இன்று மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு.

நீதிமன்றம் விதித்த தொகை 2 கோடி ரூபாய். பாதிக்கப்பட்டோரில் 500 பேர் வரை அதைப் பகிரலாம். ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். இழப்பின் ஒரு பகுதிக்கும் கிணறுகளைத் துப்புரவாக்கும் செலவுக்குமாக அது வழங்கப்பட்டது. கிணற்றை இறைத்துச் சேறெடுக்கலாம். கல்லின் வெடிப்புகளுக்குள் போன எண்ணெயை இறைத்தெடுக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல அதைத் தின்று தீர்க்கும் வரை, ஒவ்வொரு மாரியிலும் நீர்மட்டம் ஏறும்போது அதுவும் இடம்பெயரக்கூடும்.